ஒப்பமிடாத மூன்றாந் தரப்பு

2012ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பல்ரிமோர் நகரத்து மைதானத்திலே கூடியிருந்த பெருங்கூட்டம் எழுந்து நின்று கரகோஷஞ் செய்தது. எந்த வீரனும் இன்னும் ஒரு புள்ளியேனும் பெறவில்லை, ஆட்டமே தொடங்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட சட்டையணிந்து களத்திற் புகுந்த நடுவர்களுக்காகவே அந்தக் கரகோஷம் எழுந்தது. நடுவரை ஏசுவதற்கென்றே நுழைவுச்சீட்டு வாங்குவோரும் உண்டு என்று சொல்லத்தக்க ஒரு விளையாட்டில் இப்படியொரு காட்சி நிகழக் காரணம், முந்தின நாள் நள்ளிரவை அண்டிச் செய்யப்பட்ட ஒரு தொழில் ஒப்பந்தமாகும்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நாம் அறிந்த உதைபந்தாட்டத்தினின்றும் வேறானது. பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், எதிர்ப்பட்டவனை மோதி வீழ்த்தியும் ஆடப்படுவது அது. 32 கழகங்கள் அடங்கிய தேசிய உதைபந்தாட்ட லீக் அதனை நடத்துகின்றது. அவ்வாண்டு யூன் மாதத்தில், ஓய்வூதியமும் சம்பளமும் பற்றிய பிணக்கில், தன் நடுவர்கள் 121 பேரையும் லீக் கதவடைப்புச் செய்தது. உறுதியான ஓய்வூதியத்தை நிறுத்தி, அவரவர் பெயரிற் சேமிப்புக் கணக்கொன்றைத் தருவோம் என்பது லீக்கின் நிலை. நடுவர்களுக்குப் பதிலாகக் கல்லூரிகளின் கீழ்த்தரப் போட்டிகளிலும் பாடசாலைப் போட்டிகளிலும் ஊதல் ஊதியவர்கள் கொண்டுவரப்பட்டனர். ஆட்டங்கள் நடந்தன; சீட்டுகள் விற்றன; முதலாளிமார் அசையவில்லை.

அவர்களை அசைத்தது செப்டெம்பர் 24ஆம் நாள் சியாற்றில் நகரத்தில் நடந்த ஆட்டம். கடைசிக் கணத்தில் உயரத்தில் எறியப்பட்ட பந்தைக் கிறீன் பே அணி வீரர் மார்போடு அணைத்துக்கொண்டதைத் தொலைக்காட்சியிற் கண்டவரெல்லாங் கண்டனர். களத்தில் அருகருகே நின்ற இரு நடுவர்கள் ஒன்றுக்கொன்று மாறான சைகை காட்டினர். முடிவில், பந்து சியாற்றில் வீரருடையதென்று தீர்க்கப்பட்டு, அவ்வணி 14க்கு 12 என வென்றது. நாடெங்கும் எழுந்த கூக்குரல் இரண்டே நாளில் லீக்கை உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பணியிலிருந்த நடுவர்களின் ஓய்வூதியம் 2016ஆம் ஆண்டுப் பருவம்வரை நீடிக்கும் என்றாயிற்று, சம்பளமும் உயர்ந்தது. வேடிக்கை என்னவெனில், அரசாங்க ஊழியரின் கூட்டுப் பேச்சுரிமையை 2011இல் சட்டமியற்றிப் பறித்தவரான விஸ்கொன்சின் மாநில ஆளுநர் ஸ்கொற் வோக்கர், உண்மையான நடுவர்களைத் திருப்பியழையுங்கள் என்று பகிரங்கமாகக் குரல்கொடுத்தார். கிறீன் பே அவருடைய மாநிலத்து அணி!

இரசிகருக்கு வலுவில்லை என்று இனி யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த வலு எதற்காக எழுந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. நடுவரின் முதுமைக்காலத்தைப் பற்றி மூன்று மாதமாக எவரும் கவலைப்பட்டிலர். தம் அணியின் வெற்றி பறிபோனபோதுதான் கூலிப்பிணக்கு என்ற ஒன்று இருப்பது பலருக்குத் தெரியவந்தது.

இதற்கு முந்தின ஆண்டை நோக்குவோம். 2011 மார்ச்சு 12ஆம் நாள் முதல் வீரர்களையே கழக முதலாளிமார் கதவடைப்புச் செய்தனர். யூலை 25ஆம் நாள் பத்தாண்டு ஒப்பந்தம் முடிவாகியது. ஆகஸ்டில் நடக்கவிருந்த ஒரேயொரு காட்சியாட்டம் தவிர வேறெதுவும் நின்றுபோகவில்லை. இரசிகர் மகிழ்ந்தனர், அது இயல்பே. ஆயின் அந்த நான்கரை மாதமும் அவர்கள் வாயில் அடிபட்ட வாசகம் ஒன்றுண்டு: இலட்சாதிபதிகளுக்கும் கோடீசுவரர்களுக்கும் நடக்கும் சண்டையில் எமக்கென்ன, எப்படியாவது விரைவில் முடித்து ஆட்டத்தைத் தாருங்கள் என்பதே அது.

இந்த வாசகம் நடுநிலை போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஒரு பக்கத்துக்கு வழங்கப்படும் தீர்ப்பு. அன்று ஒரு புதிய வீரனின் ஆகக்குறைந்த ஆண்டுச் சம்பளம் 375,000 டொலர், பெருந்தொகைதான். ஆனால் அவன் எத்தனை ஆண்டு ஆடுவான்? வீரர் சங்கத்தின் கணக்குப்படி சராசரி மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல். லீக் வேறுவகையாகக் கணக்கிட்டு இதனைக் கூட்டிச் சொல்லும். கூட்டினாலும் அது ஒருவனது இளமையின் ஒரு துண்டே. கழகமோ தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் ஆதனம். ஒரு பருவம் போனால் வீரனுக்கு வாழ்நாள் உழைப்பில் மூன்றிலொன்று போயிற்று. முதலாளிக்கு ஓராண்டு வருமானம் போயிற்று. அதுவுங்கூடப் போகாதபடி முன்னேற்பாடு இருந்தது. ஆட்டம் நடவாவிட்டாலும் 2011இல் ஏறக்குறைய 400 கோடி டொலர் வந்துசேரும்படி தொலைக்காட்சி நிறுவனங்களுடன் லீக் ஒப்பந்தஞ் செய்திருந்தது. வீரர்களுக்கும் சேர்த்துத் தேடவேண்டிய வருமானத்தைத் தன் கதவடைப்புக்குக் காப்புறுதியாக்கியது தவறென்று, நீதிபதி டேவிட் டோற்றி அவ்வாண்டு மார்ச்சு 1ஆம் நாள் தீர்ப்பளித்தார்.

விளைந்த வெங்காயத்தை வைத்திருக்க இடமில்லாத கமக்காரனும் களஞ்சியமுள்ள வியாபாரியும் விலை பேசுகையில், சீக்கிரம் முடியுங்கள், கறிக்கு வெங்காயம் வேண்டுமென்று பக்கத்தில் நின்று சத்தமிடுபவன் யாருக்கு உதவுகிறான் என்பதைக் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நீதிமன்ற வாசலில் அவசரப்படுகிற கட்சிக்காரனே குறைத்து வாங்கிக்கொண்டு போகிறான் என்பதை எமது தொழிலில் நாம் நாள்தோறுங் காண்கிறோம்.

சட்டமும் அவ்வாண்டு விந்தையானதொரு வழியிற் சென்றது. வீரர்கள் தங்கள் சங்கத்தின் பிரதிநிதித்துவத்தைத் தாமே கைவிட்டு, தனியாட்களாக வழக்குத் தொடுத்தனர். ஏப்பிரில் 25ஆம் நாள் நீதிபதி சூசன் நெல்சன் கதவடைப்புக்கு எதிராகத் தடைக்கட்டளை பிறப்பித்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் முதலில் அதனை இடைநிறுத்தி, யூலை 8ஆம் நாள் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் அதனை நீக்கியது. அதற்கு ஆதாரமாகக் கொண்ட சட்டம் எது? 1932ஆம் ஆண்டின் நொறிஸ்–லாகார்டியாச் சட்டம். வேலைநிறுத்தங்களை நீதிமன்றத் தடைக்கட்டளையால் முறியடிக்கும் வழக்கத்தை ஒழிக்கவென்று தொழிலாளர் பொருட்டு இயற்றப்பட்ட சட்டம் அது. அதே கேடயம் முதலாளியின் கதவடைப்பைக் காத்தது. சட்டம் பயின்றோர் இத்தீர்ப்பை ஒருமுறை படிப்பது நன்று; பெரும்பான்மையினர் கூறிய காரணங்கள் எளிதிற் தள்ளத்தக்கன அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம்.

முடிவான ஒப்பந்தத்தில் வீரர் பெற்றதும் உண்டு. முழுவேகத்தில் மோதிப் பழகும் பயிற்சிகள் குறைக்கப்பட்டன. 16 ஆட்டங்களை 18 ஆக்கவேண்டுமென்ற முதலாளிமாரின் கோரிக்கை அப்போதைக்குக் கைவிடப்பட்டது. வருமானத்திற் பத்தாண்டுச் சராசரியாகக் குறைந்தது 47 வீதம் வீரருக்கு என்று வகுக்கப்பட்டது. பெரிய வெட்டு விழுந்தது வாசலில் நின்ற இளைஞர் மீதே. 2010இல் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்ட சாம் பிறட்போர்ட் என்பவருக்கு உத்தரவாதமாக மாத்திரம் 5 கோடி டொலர் கிடைத்தது; 2011இல் முதலாவதாக வந்த கம் நியூற்றனுக்கு நான்காண்டுக்கும் மொத்தமாகக் கிடைத்தது ஏறக்குறைய 2 கோடி 20 இலட்சம். ஒரு பந்தும் எறியாத பையனுக்கு இத்தனையா என்று இரசிகர் பலகாலம் முணுமுணுத்தது உண்மை. அந்தப் பையன் அப்போது சங்கத்தில் அங்கத்தவனல்லன் என்பதும் உண்மை. மேசையில் இல்லாதவனின் பங்கைக் குறைப்பதே எந்தப் பேச்சுவார்த்தையிலும் எளிதான காரியம்.

இரசிகர் எப்போதும் இப்படியே இருந்தனர் என்று சொல்லிவிடல் நியாயமாகாது. 1987இல், விரும்பிய கழகத்துக்குச் செல்லும் உரிமை கேட்டு வீரர்கள் வேலைநிறுத்தஞ் செய்தபோது, முதலாளிமார் மாற்று வீரரைக் கொண்டு மூன்று வாரம் ஆட்டம் நடத்தினர். தொழிற்சங்கப் பற்று மிகுந்த பிலடெல்பியாவில், 60,000க்கு மேற்பட்டோர் அமரத்தக்க மைதானத்துக்கு ஏறக்குறைய 4,000 பேரே வந்தனர். ஆயினும் தொலைக்காட்சி அந்த ஆட்டங்களை ஒளிபரப்பியது. பிற நகரங்களில் மக்கள் திரளாகவே சென்றனர். 24 நாளில் வேலைநிறுத்தம் உடைந்தது. கேட்ட உரிமையை அடைய, 1992இல் மினியாப்பொலிசில் ஒரு யூரர் சபையின் தீர்ப்பும் 1993இல் ஒரு சமரச ஒப்பந்தமும் வேண்டியிருந்தன. பிலடெல்பியா செய்ததைப் பாதி நகரங்களாவது செய்திருந்தால் அந்த ஆறாண்டு மிஞ்சியிருக்குமென்பது எமது எண்ணம்.

2011இற் கைவிடப்பட்ட கோரிக்கை 2020இல் ஒரு படி முன்னேறித் திரும்பிவந்தது. அவ்வாண்டு மார்ச்சு 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட வாக்கெடுப்பில், புதிய ஒப்பந்தத்தை ஏற்றோர் 1,019 பேர். மறுத்தோர் 959 பேர். அறுபது வாக்குகளால் பதினேழாவது ஆட்டம் வந்தது. ஆறோன் றொஜர்ஸ் போன்ற பெருவீரர் வெளிப்படையாக எதிர்த்தனர். அவரால் எதிர்க்க முடிந்தது. ஆகக்குறைந்த சம்பளம் ஒரே ஆண்டில் 100,000 டொலர் உயரும் என்று கண்ட சிறு வீரனுக்கு, நாளை கழகத்தில் இருப்போமோ என்பதே ஐயம். அவன் ஏற்றதை நாம் குறைகூறோம். அந்த வாரமே கொள்ளைநோயால் அமெரிக்காவின் விளையாட்டரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. ஆட்டப் பசியிலிருந்த இரசிகர், இன்னுமொரு ஆட்டம், இறுதிச் சுற்றில் 12க்குப் பதில் 14 அணிகள் என்ற செய்தியை விருந்தென வரவேற்றனர். பயன் எதுவுமில்லாத பயிற்சியாட்டங்கள் நான்கிலிருந்து மூன்றாகியதும், அவற்றுக்கும் முழுவிலை கொடுத்துவந்த பருவச்சீட்டுக்காரருக்கு மெய்யான ஆதாயமே.

ஆனால் அந்தப் பதினேழாவது ஆட்டம் எவருடைய தலையின்மேல் ஆடப்படுகிறது? பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட அறிக்கையில், இந்த லீக்கில் ஆடி இறந்தவர்களின் மூளைகள் 111ஐச் சோதித்து, 110இல் தொடர்ந்த மோதலால் வரும் மூளைச்சிதைவைக் கண்டதாகக் கூறினர். நோய்க்குறி கண்ட குடும்பத்தாரே பெரும்பாலும் மூளையை ஒப்படைத்தனராதலால் இது எல்லா வீரருக்கும் பொருந்தும் விகிதமன்று. அவ்வாய்வாளரே அதைச் சொல்லியுள்ளனர். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், எஞ்சுவது சிறிதல்ல.

பணங் கொடுப்பவனுக்குப் பொழுதுபோக்கன்றிக் கடமை எதுவுமில்லை என்று சிலர் வாதிப்பர். அவன் சீட்டுக்கு மாத்திரமா கொடுக்கிறான்? 2016இல் மினியாப்பொலிசில் திறக்கப்பட்ட மைதானத்துக்கு மாநிலமும் நகரமும் கொடுத்த பொதுப்பணம் 49 கோடி 80 இலட்சம் டொலர். வரி செலுத்தும்போது உள்ளே இழுக்கப்படுபவன், ஒப்பந்தம் எழுதப்படும்போது மாத்திரம் வெளியாள் ஆவதெப்படி?

இப்போதைய ஒப்பந்தம் 2030ஆம் ஆண்டுப் பருவத்தோடு முடிகின்றது. பதினெட்டாவது ஆட்டத்தில் தமக்குள்ள நாட்டத்தை லீக்கின் ஆணையாளர் றொஜர் குடெல் ஏற்கெனவே மறைக்காது பேசிவருகிறார். அடுத்த பேச்சு எதைப்பற்றியதென்று ஊகிக்கச் சாத்திரம் பார்க்க வேண்டியதில்லை.

32 கழகங்களில் கணக்கை ஊரறிய வெளியிடுவது ஒன்றே ஒன்றுதான். சியாற்றிலில் வெற்றியைப் பறிகொடுத்த அதே கிறீன் பே, தனி முதலாளி எவருமின்றி, இலாபப் பங்கு பெறாத ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரரான இரசிகரின் உடைமையாக உள்ளது. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு, லீக்கின் பொது வருமானத்திலிருந்து தனக்கு வந்த சமபங்கு 40 கோடி டொலருக்கு மேலென்று அக்கழகம் கணக்குக் காட்டியது. மற்றை 31 முதலாளிமாரின் பெட்டியிலும் அதே தொகை விழுந்ததென்று அதிலிருந்து அறியலாம். பதினெட்டாவது ஆட்டத்துக்கு வீரனுக்கு எவ்வளவு கொடுக்க முடியும், எவ்வளவு கொடுக்க முடியாது என்று 2031இற் சொல்லப்படப்போகும் கதையைச் சரிபார்க்க விரும்பும் இரசிகனுக்கு, அந்தக் கணக்கு ஆண்டுதோறும் யூலை மாதத்திற் கிடைக்கின்றது.