நோட்டீஸ் வருமுன் நூலகம் போவோம்

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. டில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நின்ற மதராசி கேம்ப் அன்று இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. வாய்க்காலைத் தூர்வார வழி வேண்டும், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அவர்களிடம் உயர் நீதிமன்றத்தின் உத்தரவு இருந்தது, போலீஸ் இருந்தது, புல்டோசர் இருந்தது. நம் மக்களிடம் இருந்தவை பாத்திரமும் படுக்கையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையும்தான்.

சுமார் 370 குடிசைகள். அவற்றில் 189 குடும்பங்கள் 'தகுதியுள்ளவை' என்று முடிவுசெய்து, நகரத்தின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்கள் 'தகுதியற்றவர்கள்'. ஒரே சந்து, ஒரே குழாயடி, ஒரே மழைத் தண்ணீர். ஆனால் பாதிப்பேர் தகுதியுள்ளவர், பாதிப்பேர் தகுதியற்றவர்! இந்தக் கோட்டை யார் கிழித்தது? எங்கே கிழித்தது?

தோழர்களே, தாய்மார்களே! கோடு கிழிக்கப்பட்டது ஒரு காகிதத்தில். டில்லி அரசின் 2015ஆம் ஆண்டுக் குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கை என்பது அதன் பெயர். அது இரகசியமல்ல, அச்சிட்ட காகிதம். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்? சங்கத்தில் பொறுப்பு வகிக்கும் நம்மையும் சேர்த்தே இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி தேடி அலைந்த அளவுக்கு இந்தக் காகிதத்தைத் தேடி நாம் அலையவில்லை. இது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை.

ஆகவே இந்த மாதம் கண்டன அறிக்கைக்குப் பதிலாக ஒரு படிப்புப் பட்டியலைத் தருகிறோம்.

முதலில் அந்தக் கொள்கையையே படியுங்கள். குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். குடிசை 2015 ஜனவரி 1க்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஏதாவது ஒன்றிலும், கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். இதற்கு மேல், குறிப்பிட்ட ஆவணங்களில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர் கால் இடறுகிறது. உழைப்பது இங்கே, ஓட்டு மட்டும் ஊரில்! பங்காளிகள் விட்டுவிட மாட்டார்கள், ஊர்த் தேர்தலில் நம் ஓட்டு இருக்கட்டும் என்று எத்தனை குடும்பங்கள் பெயரை அங்கேயே வைத்திருக்கின்றன! சட்டப்படி ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் ஓட்டு. வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் 2025 ஜூனில் பீகாரில் தொடங்கியது. நவம்பரில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் வந்தது. ஊரா, இங்கேயா என்று ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய காலம் இது. முடிவு உங்களுடையது. ஆனால் அந்த முடிவின் விலை என்ன என்று தெரிந்துகொண்டு எடுங்கள். மும்பை வாசகர்களுக்கும் இது பொருந்தும். தாராவித் திட்டத்தில் தரைத்தளத்துக்காரருக்கு இலவச வீடு என்பதற்கு அவர்கள் கிழித்த கோடு 2000 ஜனவரி 1. நகரம் வேறு, தேதி வேறு, முறை ஒன்றுதான்.

இரண்டாவதாக, 1985 ஜூலை 10 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் வழங்கிய ஓல்கா டெல்லிஸ் வழக்குத் தீர்ப்பு. அதில் நம்மவர் ஒருவரின் கதை இருக்கிறது. சேலத்திலிருந்து 1961இல் பம்பாய்க்கு வந்த நிலமற்ற தொழிலாளி அவர். பஞ்சம் துரத்தியது. தஹிசரில் ஒரு கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே மனைவி, மூன்று பெண்மக்களோடு குடித்தனம். 1981 ஜூலை 23 அன்று குடிசையை இடித்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி மக்கள் அங்கே தங்கினர். அவர் வேலை தேடி மறுபடி அதே பம்பாய்க்கு, அதே நடைபாதைக்கு வந்தார். வந்ததோடு நிற்கவில்லை, நாட்டின் தலைமை நீதிமன்றத்தின் படியேறினார். பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதே என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் முழு வெற்றி என்று கைதட்டிவிடாதீர்கள். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மழைக்காலம் முடியும்வரை அவகாசம் தந்தது. 1976 கணக்கெடுப்பில் அடையாளச் சீட்டு பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. அன்றும் காகிதம்தான் கோடு கிழித்தது!

மூன்றாவதாக, டில்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள். 2010இல் சுதாமா சிங் வழக்கு. 2019 மார்ச் 18இல் அஜய் மாக்கன் வழக்கு. பின்னது, 2015 டிசம்பரில் ஷகூர்பஸ்தியில் ரயில்வே நிலத்திலிருந்த குடிசைகளை இடித்ததால் எழுந்தது. ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நாங்கள் சிலர் அதைப் படித்துத் தலைகுனிந்தோம். குடிசைவாசியை ஆக்கிரமிப்பாளன் என்று மட்டும் பார்க்காதே. முதலில் கணக்கெடு, அவர்களைக் கலந்து பேசு, மறுவாழ்வுக்கு வழி செய், பிறகு அகற்றுவதைப் பற்றி யோசி என்பதே அதன் சாரம். இந்த நான்கு வாக்கியமும் நம் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சட்டம் மட்டும் படித்தால் நெஞ்சு வறண்டுவிடும். ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைப் படியுங்கள். சேரி மக்களை இரக்கத்துக்குரிய பொம்மைகளாக இல்லாமல் மனிதர்களாக நிறுத்திய நூல். அவரே அதைப் படமாகவும் எடுத்தார். பிமல் ராய் 1953இல் எடுத்த 'தோ பிகா ஜமீன்' படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். இரண்டு பிகா நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதை. தன் கணக்கில் சிறிதாக இருந்த கடன் ஜமீன்தார் கணக்கில் பல மடங்காக இருக்கிறது, கையில் ரசீது இல்லை, நிலம் போகிறது. இதைவிடத் தெளிவாகக் காகிதத்தின் அருமையை எந்தப் பேச்சாளர் சொல்ல முடியும்? ஆனந்த் பட்வர்தன் 1985இல் எடுத்த 'ஹமாரா ஷஹர்' என்ற ஆவணப்படம் பம்பாய்க் குடிசை இடிப்புகளை நேரில் காட்டுவது. ஆளுக்கொரு போனில் தனித்தனியாகப் பார்க்காமல் பத்துக் குடும்பம் கூடிப் பாருங்கள். பார்த்தபின் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

இவற்றை எங்கே தேடுவது? பழைய டில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே டில்லிப் பொது நூலகம் இருக்கிறது. யுனெஸ்கோ உதவியோடு 1951இல் நேரு திறந்துவைத்தது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. தமிழ் நூலும் அதில் அடக்கம். போய்க் கேளுங்கள். இல்லை என்றால் எழுதிக் கேளுங்கள். கேட்கிறவன் இருந்தால்தான் அலமாரி நிறையும். டில்லித் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் உண்டு. அங்கே படிப்பவர்களில் ஜுக்கியிலிருந்து வருபவர் எத்தனை பேர் என்று கேட்டால் சங்கத்தார்க்குக் கோபம் வரக்கூடாது. நாமும் போகாமல் இருந்துவிட்டுக் குறை சொல்லக்கூடாது.

வயிற்றுப்பாட்டுக்கே நேரமில்லை, இதில் புத்தகமா என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவரை நூலகத்துக்கு நட என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். புத்தகம் ஆளைத் தேடி வர வேண்டும் என்ற அந்த வழக்கம் நம் மண்ணிலும் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒவ்வொரு பஸ்தியிலும், படித்த பிள்ளை ஒன்று உரக்கப் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். எழுத்தறியாதவர்தான் கூர்மையான கேள்வி கேட்பார். இது நம் அனுபவம்.

படித்திருந்தால் மதராசி கேம்ப் நின்றிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. வீடிழந்தவர்மேல் பழி போடுவது நம் நோக்கமுமல்ல. வீடிழந்தவன் படிக்காததால் வீடு போகவில்லை, இடித்ததால் போயிற்று. ஆனால் கணக்கெடுக்க வருபவர் வாசலில் நிற்கும்போது எந்தக் காகிதத்தைக் காட்டுவது, எந்தக் கேள்வியைக் கேட்பது, எதில் கையெழுத்துப் போடாமல் இருப்பது என்று தெரிந்த குடும்பம் அவ்வளவு சுலபமாக 'தகுதியற்றது' ஆகாது. அப்படி நூறு குடும்பம் சேர்ந்தால் அதற்குப் பெயர்தான் சங்கம்.

நோட்டீஸ் வந்தபின் வக்கீலைத் தேடுவது நம் பழைய வழக்கம். நோட்டீஸ் வருமுன் படிப்பது இனி நம் வழக்கமாகட்டும்.