மலைக்குப் போகுது வீட்டு வண்டி! எந்த பாட்டரி வாங்கலாம்?

2022-ம் ஆண்டு மார்ச் மாதம். வேலூரில் ஒரு வீடு. மின்சார ஸ்கூட்டரை சார்ஜில் போட்டுவிட்டு, தந்தையும் 13 வயது மகளும் படுத்தார்கள். இரவில் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. வீடு முழுவதும் புகை சூழ்ந்தது. மூச்சுத் திணறி இருவரும் இறந்து போனார்கள்.

அந்த வேலூரின் பக்கத்திலேயே எழுந்து நிற்கிறது ஜவ்வாது மலை. வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் ஆகிய 3 மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் மலை அது. சாமை விளையும் பூமி. பீமன் அருவி கொட்டும் இடம். விடுமுறை வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார்கள் ஏறுகின்றன.

கார்க்காரர்களில் சிலருக்கு இப்போது ஒரு புது ஆசை. லாட்ஜில் தங்க வேண்டாம். வீட்டையே இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது!

காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சின்னஞ்சிறு வீடு. உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு. இதைக் காரவன் என்கிறார்கள். கேரள அரசாங்கம் 2021-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாடு அரசாங்கம் 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் காரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. ஆகவே, இன்று நாலு பேர் செய்வதை நாளை நாற்பது பேர் செய்யப் போகிறார்கள்.

மின்சாரக் கம்பம் இல்லாத இடத்தில் வண்டி நிற்கிறது. விளக்கு எரிய வேண்டும். விசிறி சுற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் பாட்டரிதான் கதி.

வேலூர்ச் சம்பவத்தை இங்கேதான் நினைக்க வேண்டியிருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரை வராந்தாவில் வைக்கலாம். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தலாம். வீட்டு வண்டிக்கு ஏது வராந்தா? பாட்டரி இருக்கும் அதே பெட்டிக்குள்தான் தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள்!

முதலில் கணக்கு

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு சாமானும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிப் பெருக்கினால் "வாட் மணி" வரும். 1,000 வாட் மணி என்பது வீட்டு மீட்டரில் ஓடும் 1 யூனிட்.

நாலு பேர் உள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, 5 மணி நேரம்: 75. 20 வாட் சிறு விசிறி, 8 மணி நேரம்: 160. நாலு செல்போன் சார்ஜ்: 60. தண்ணீர் பம்பு: 20. ஆக மொத்தம் 315 வாட் மணி. ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! நாட்டுப்புறத்து ராத்திரிக்கு இவ்வளவு போதும்.

சின்ன ஐஸ் பெட்டி ஒன்று வேண்டும் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. 40 லிட்டர் பெட்டி நம் ஊர் வெயிலில் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 400 வாட் மணி குடிக்கும். மொத்தம் 715. மின்சார அடுப்பும் ஏர் கண்டிஷனும் இந்தக் கணக்குக்குள் அடங்கவே அடங்கா. 800 மீட்டர் உயரத்தில், மலைக்காற்று சும்மா வீசும் இடத்தில், ஏர் கண்டிஷன் எதற்கு?

வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால், அதற்காகவே ஐஸ் பெட்டி வேண்டும் என்று நினைப்பார்கள். திறக்காத மருந்தைத்தான் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கும் மருந்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் சில வாரம் தாங்கும். இரண்டு நாள் பயணத்துக்கு எது போதும் என்று வைத்தியரைக் கேட்டுக்கொண்டால் பெரிய செலவு மிச்சமாகலாம்.

ஈயமா, லித்தியமா?

ஈய பாட்டரி பழைய சிநேகிதன். 1859-ல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தது. காரிலும் லாரியிலும் இருப்பது இதுதான். விலை குறைவு. எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு. பழையதைக் கொடுத்தால் காசும் கிடைக்கும்.

ஆனால், 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்று மேலே எழுதியிருந்தால், உள்ளே இருப்பது 1,200 வாட் மணி. அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும். ஆக 600. எடையோ 30 கிலோ. குழாய்த் தகடு போட்ட இன்வெர்ட்டர் பாட்டரி இன்னும் கனம். ஆலங்காயத்திலிருந்தோ போளூரிலிருந்தோ கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இழுக்கும் காருக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் ஊற்றும் ஈய பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் அது சேர்ந்தால், ஒரு தீப்பொறி போதும். வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியைத் தூக்கி வண்டிக்குள் கட்டிலின் அடியில் தள்ளுவது பெரும் பிசகு. ஈயம்தான் வாங்குவது என்றால், மூடி முத்திரையிட்ட வகையை வாங்கி, வண்டிக்கு வெளியே காற்றோட்டமான பெட்டியில் வைக்க வேண்டும்.

லித்தியத்தில் பல ஜாதி உண்டு. கடைக்காரர் "லித்தியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். விடக்கூடாது. "எந்த லித்தியம்?" என்று கேட்க வேண்டும். வீட்டு வண்டிக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட். மற்ற லித்தியங்களைவிட இது சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. தீப்பற்றவே பற்றாது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் 1,000 வாட் மணிக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். எடை 12 கிலோ அளவுதான். ஈயம் சில நூறு தடவை ஏறி இறங்கினால் களைத்துவிடும். இது 2,000 தடவைக்கு மேல் உழைக்கும். விலைதான் இரண்டு, மூன்று மடங்கு.

இந்த பாஸ்பேட் சரக்கை 1997-ல் உலகுக்கு அறிவித்த அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவில் பாதி, நஞ்சுண்டசாமி என்ற இரண்டு இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களுடைய தலைவர் குட்இனஃப், லித்தியம் பாட்டரி ஆராய்ச்சிக்காக 2019-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தமிழ்நாட்டிலும் பாட்டரி ஆராய்ச்சிக்கு ஒரு கோயில் இருக்கிறது. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. 1948-ல் அஸ்திவாரக் கல் நாட்டியவர் நேரு.

யார் எதை வாங்குவது?

மாதம் ஒரு தடவை புறப்படும் குடும்பத்துக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் கட்டும். சந்தேகமில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறவர் ஈயம் மலிவு என்று வாங்கி மூலையில் போடுவார். அங்கேதான் ஏமாற்றம்! ஈய பாட்டரி சும்மா கிடந்தால் கெடும். மாதாமாதம் சார்ஜ் ஏற்றிக் கொடுக்க வேண்டும். மறந்தால் அடுத்த கோடை விடுமுறைக்கு அது வெறும் கல். அப்படிப்பட்டவர்கள் நாலு நல்ல எல்.இ.டி. லாந்தரும் இரண்டு பவர் பாங்கும் வாங்கிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கு முன் ஈய பாட்டரிக்கு 28 சதவீதம். லித்தியத்துக்கு 18 சதவீதம். இப்போது இரண்டுக்கும் 18. சோலார் பேனல் வரி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. பழைய விலையைச் சொல்லுகிற கடையில் பில்லைக் கேட்டுப் பார்க்கலாம்.

வேலூர் விபத்தும் அதே ஆண்டில் நடந்த வேறு சில தீ விபத்துகளும் மத்திய அரசாங்கத்தை உலுக்கின. மின்சார ஸ்கூட்டர் பாட்டரிகளுக்குக் கடுமையான சோதனைகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. அந்த விதி மின்சார வாகனத்தை ஓட்டும் பாட்டரிக்கு. விளக்கு எரிக்கக் கடையில் தனியாக வாங்கும் பாட்டரிக்கு அந்தக் காவல் இல்லை. ஆகையால் வாங்குகிறவரே இன்ஸ்பெக்டராக வேண்டும்! பி.எம்.எஸ். என்ற காவல் கருவி உள்ளே இருக்கிறதா? சூடு மிஞ்சினால் தானாக நிறுத்துமா? எழுத்து மூலம் உத்தரவாதம் உண்டா? பழைய ஸ்கூட்டர் செல்களைப் பிரித்துக் கட்டிய மலிவுப் பொட்டலமாக இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சார்ஜ் ஏற்றுவது எப்படி?

சோலார் பேனல் இல்லாமல் முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறக்குறைய 5 மணி நேர ஓட்டம். காருக்கும் வண்டி பாட்டரிக்கும் நடுவே 20 ஆம்பியர் டி.சி. சார்ஜர் ஒன்றைப் பொருத்தினால், போய்ச் சேர்வதற்குள் 100 ஆம்பியர் மணி லித்தியம் நிரம்பிவிடும். ஐஸ் பெட்டி இல்லாத குடும்பம் அதை வைத்து மூன்று ராத்திரி ஓட்டலாம். பேனலே வேண்டாம்! வெறும் ஒயரைக் காரிலிருந்து நேரே இழுத்துக் கொடுப்பதுதான் கூடாது. லித்தியம் மளமளவென்று இழுக்கும். காரின் டைனமோ வெந்துபோகும்.

ஐஸ் பெட்டியுடன் நாலைந்து நாள் தங்குகிறவருக்குப் பேனல் வேண்டும். நல்ல வெயிலில் 100 வாட் பேனல் நாளைக்கு 350 வாட் மணி தரும். 715-க்கு 200 வாட் மட்டு மட்டு. 250 இருந்தால் நிம்மதி. கூரைமேல் ஆணி அடித்து மாட்டிய பேனலைவிட, மடித்து எடுத்துப்போகும் பேனல் மலைக்கு நல்லது. வண்டி மர நிழலில் நிற்கட்டும். பேனல் வெயிலில் கிடக்கட்டும். பேனலின் ஒரு மூலையில் கிளையின் நிழல் விழுந்தாலே வரும்படி பெரிதும் சரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேனலை நம்பிப் போகக் கூடாது.

சார்ஜரும் கண்ட்ரோலரும் பாட்டரியின் ஜாதிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஈயத்துக்கான பழைய சார்ஜர் சில சமயம் 15 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றும். பாஸ்பேட்டுக்கு 14.6 வோல்ட்தான் எல்லை. பாட்டரியை ஒட்டியே பியூஸ் வேண்டும். 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குச் சுண்டுவிரல் கனத்துக்குச் செப்பு ஒயர் வேண்டும். ஒல்லி ஒயர் உருகும். பல தீ விபத்துகளில் குற்றவாளி பாட்டரி அல்ல, ஒயர்தான்.

விளக்கும் இருட்டும்

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைக்கிராமத்தில், தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி சேருமுன் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, குழந்தையின் உடலைத் தாயே சுமந்து நடந்தாள். மலையில் ராத்திரி என்றால் அப்படி. வாசற்படியில் ஒரு விளக்கு விடியும்வரை எரிய வேண்டும். ஒரு செல்போனாவது முழு சார்ஜில் இருக்க வேண்டும். பாட்டரியில் கடைசி 100 வாட் மணி இதற்கென்றே நிற்கட்டும்.

அதற்காக ஊரெல்லாம் தெரிய போகஸ் விளக்கு போட வேண்டியதில்லை. அதே மலையில் காவலூரில் வைணு பாப்பு பெயரால் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள 93 அங்குல தூரதரிசினியை 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். இருட்டு இருக்கிறது என்பதற்காகத்தான் விஞ்ஞானிகள் அந்த மலையையே தேடிப் பிடித்தார்கள்! தரையை நோக்கிக் கவிழ்த்த 5 வாட் விளக்கு, பாம்பையும் காட்டும், நட்சத்திரத்தையும் மறைக்காது.

வண்டியை நிறுத்தும் இடம் காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். பட்டா நிலமானால் உடையவரைக் கேட்க வேண்டும். இழுத்துச் செல்லும் வண்டிக்குத் தனிப் பதிவும் வேண்டும்.

ஆயுள் முடிந்த பாட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022-ம் ஆண்டு விதிப்படி அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கோ புதுப்பிக்கவோ அனுப்புவது தயாரித்தவர் பொறுப்பு. ஈயத்தைப் பழைய சாமான் கடைக்காரர்கூட ஓடிவந்து வாங்குவார். லித்தியத்துக்கு இன்னும் அந்த மவுசு வரவில்லை. வாங்கும்போதே, "பழையதை யாரிடம் கொடுப்பது?" என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் விலாசத்தைக் குறித்துக்கொள்ளலாம்.