வெயிலைத் திருப்பி அனுப்புவோம்!



புவி வெப்பமடைதல் என்று சொன்னதும் நாம எல்லாரும் "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். மரம் நல்லதுதான். ஆனால் அது வளர்ந்து நிழல் தர பல வருஷம் ஆகும். நம்ம சந்துகளில் குழி தோண்ட இடமும் இல்லை. அதனால் இந்த முறை நம் தலைக்கு மேலேயே இருக்கிற ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் கூரை!

பூமியின் மேல் விழும் சூரிய ஒளியில் 100-க்கு சுமார் 30 பங்கு விண்வெளிக்கே திரும்பிப் போய்விடுகிறது. மேகமும் பனியும்தான் அதில் பெரும் வேலை செய்கின்றன. புதிதாக விழுந்த பனி 100-க்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். கடல் 10 பங்குகூட அனுப்பாது. அதனால்தான் வட துருவத்தில் பனி உருக உருக, கருத்த கடல் வெளியே தெரிந்து சூடு இன்னும் ஏறுகிறது. வெள்ளை திருப்பிவிடும், கருப்பு குடித்துவிடும். பாடம் இவ்வளவுதான்.

இது நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பெரிய கோயில்களில் கருங்கல் தரையில் வெள்ளை பெயின்ட் பட்டை அடித்திருப்பார்கள். மத்தியானம் செருப்பில்லாமல் சுற்றுகிறவர்கள் அந்தப் பட்டையிலேயே வரிசையாகப் போவார்கள். ஒரு அடி தள்ளி வைத்தால் துள்ளிக் குதிப்பார்கள். அதே கல், அதே வெயில், நிறம் மட்டும்தான் வேறு. வட திருநள்ளாறு என்று பேர் பெற்ற ஊர் நம்ம ஊர். சனி பகவானுக்குக் கருப்பு பிடிக்கலாம். மொட்டை மாடிக்கு ஆகவே ஆகாது!

பொழிச்சலூரில் நிறைய வீடுகள் சிமெண்ட் ஷீட் போட்டவை. எங்கள் வாடகை வீடும் அப்படித்தான். அக்னி நட்சத்திரத்தில் ஃபேன் போட்டால் அனல்தான் வரும். எங்க பாட்டி ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கிட்டு வாசப்படியிலேயே உட்கார்ந்திருப்பாங்க. 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. ஏசி வாங்கலாமே என்பீர்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்குவார்கள். அது தன் ரூமைக் குளிர வைத்து, சூட்டை வெளியே தள்ளும். அந்தச் சூடு வாங்க முடியாத பக்கத்து வீட்டுக்குத்தான் வரும். இது நியாயமா?

வேறு ஊர்களில் இதைச் செய்கிறார்கள். 2010 மே மாதம் அகமதாபாத்தில் அடித்த வெயிலில், வழக்கத்தைவிட ஆயிரம் பேருக்கு மேல் அதிகமாக இறந்துபோனார்கள். அதன் பிறகு 2013-ல் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு திட்டம் போட்டார்கள். 2017-ல் ஏழைகளின் கூரைகளில் வெள்ளை அடிக்கத் தொடங்கினார்கள். தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் பசுமைப் பள்ளிகளில் குளிர் கூரை போடும் திட்டம் வந்திருக்கிறது.

"ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சா உலகம் குளிர்ந்திடுமா?" என்று சிலர் கேட்பார்கள். குளிராது. ஆனால் அந்த வீடு குளிரும். தெரு முழுக்க அடித்தால் தெருவில் சூடு குறையும். பாட்டிக்கு அது போதாதா?

உலகத்தையே இப்படிக் குளிர வைக்கலாம் என்று சொல்லும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். 1991-ல் பிலிப்பைன்சில் பினாடுபோ எரிமலை வெடித்தபோது, அதன் கந்தகப் புகை வானத்தில் பரவி வெயிலை மறைத்தது. உலக வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. இரண்டு மூன்று வருஷத்தில் பழையபடி ஏறிவிட்டது. அதே மாதிரி நாமே வானத்தில் தூள் தூவலாமா என்பதுதான் கேள்வி. அதை ஆராய ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2021-ல் சுவீடனில் பலூன் விட ஏற்பாடு செய்தார்கள். அங்குள்ள சாமி என்ற பழங்குடி மக்கள் எதிர்த்ததால் அது நின்றது. 2024-ல் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள்.

அந்த மக்கள் செய்தது சரி என்பேன். கூரைக்கு வெள்ளை அடிக்கலாம், வானத்துக்கு அடிக்கக் கூடாது. ஏன்னா, கூரையில் தப்பு நடந்தால் ஒரு வீட்டோடு போகும். வானத்தில் நடந்தால் யாரோ தூவியதற்கு நம்ம பருவமழை மாறிப்போகலாம். பாதியில் நிறுத்தினாலோ அடக்கி வைத்த சூடு ஒரேயடியாக ஏறும். புகையைக் குறைக்காமல் வெயிலை மட்டும் மறைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதைதான்.

என் வேண்டுகோள் மூன்று.

1. வீட்டுக்காரர்களே! சித்திரை பிறக்கும் முன் கூரைக்குச் சுண்ணாம்போ வெள்ளை பெயின்டோ அடித்துக் கொடுங்கள். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும். அதனால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அதற்காக வாடகையை ஏற்றிவிடாதீர்கள்!

2. தம்பி தங்கைகளே! நீங்களே ஷீட் மேல் ஏறாதீர்கள், உடைந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டவும் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வேலை தெரிந்த பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

3. ஆசிரியர்களே! நம் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகள் இரண்டில் ஒன்றின் மாடியில் மட்டும் வெள்ளை அடித்துப் பார்ப்போம். இரண்டிலும் ஒரே உயரத்தில் தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, ஒரு வாரம் தினமும் மதியம் 2 மணிக்கு அளவு எடுப்போம். அதை இதே சுவர் இதழில் எழுதுவோம். என்னை நம்ப வேண்டாம், அளவை நம்புங்கள்.

வெள்ளை அடிப்போம்! வெப்பம் குறைப்போம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி