ஒரு வீதி, மூன்று ரொட்டி



மலைநாட்டுக்குப் பயணம் என்றதும் எங்கள் வாவிக்கரைப் பெண்கள் முதலில் செய்யும் வேலை சாப்பாடு கட்டுவதுதான். புட்டும் மீன் பொரியலும் வாழையிலையில் கட்டியாகிவிட்டால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி. வழியில் கடைக்குப் போவது வீண் செலவு, வயிற்றுக்கும் ஒத்துவராது என்பது பழைய எண்ணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கட்டிய சோற்றையே சாப்பிட்டுக்கொண்டு போனால் ஊரைப் பார்க்கலாம், ஊராரை அறிய முடியாது.

அண்மையில் எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தைச் சேர்ந்த பதினொரு பேர் ஒரு வானைப் பேசிக்கொண்டு பேராதனை வரை போய்வந்தோம். இம்முறை ஒரு நேரச் சோறு மட்டும் கட்டுவோம், மற்ற வேளைகளில் வழியில் கிடைப்பதைச் சாப்பிடுவோம் என்று முதலே பேசிக்கொண்டோம்.

செங்கலடியில் தொடங்கும் ஏ-5 வீதி சுமார் 270 கிலோமீற்றர் நீளம். கறுத்தப்பாலம், கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, நுவரெலியா, கம்பளை என்று ஏறி இறங்கிப் பேராதனையில் முடிகிறது. 2007இல் கிழக்கில் போர் ஓயும் வரை இந்த வீதியில் கறுத்தப்பாலத்தைத் தாண்டுவதே பெரும் பாடு. அந்த நாட்களில் பதுளைக்குப் போவதென்றால் எங்கெல்லாமோ சுற்றித்தான் போவார்கள். இன்று விடியப் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் பதுளையில் நிற்கலாம்.

கரடியனாற்றில் ஒரு சிறு கடையில் காலைச் சாப்பாடு. கடைக்காரப் பெண்ணும் அவரது தாயுமே சமையல். தேங்காய்ப்பூ நிறையப் போட்டுக் குழைத்த ரொட்டி, கூடவே கட்டைச் சம்பல். இது எங்கள் வீட்டு ரொட்டிதான். தென்னை உள்ள ஊரில் மாவுக்குச் சமமாகத் தேங்காய் போட யாரும் யோசிப்பதில்லை.

மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க இறங்கினோம். கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு. அங்கிருந்து பதியத்தலாவைப் பக்கம் போகப் போகத் தென்னை குறைந்து சேனைப் பயிர் கூடுகிறது. தெருவோரத்தில் பெண்கள் பெரிய பானைகளில் சோளம் அவித்து விற்கிறார்கள். சிங்களம் எங்களில் இருவருக்குத்தான் தெரியும். ஆனால் உப்புத் தண்ணீரில் அவித்த சோளம் வாங்கப் பாஷை தேவைப்படவில்லை. பிபிலைக்குக் கிட்ட ஒரு கடையில் குரக்கன் ரொட்டியும், குரக்கன் மாவோடு தேங்காய்ப்பூவும் பாணியும் பிசைந்து இலையில் மடித்து அவித்த ஹலப்பவும் கிடைத்தன. பிபிலை இனிப்புத் தோடம்பழத்துக்குப் பெயர் போன இடம். ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டோம்.

லுணுகலையைத் தாண்டினால் தேயிலை. பசறைப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. அடுப்படியில் நின்றவர் முப்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண். தடித்த வெள்ளை ரொட்டி, காரமான சம்பல், சாயம் கூடிய தேநீர். ரொட்டியில் தேங்காய்ப்பூ பேருக்குத்தான் இருந்தது.

"என்ன மாவில சுட்டது, மகள்?" என்று எங்களில் மூத்தவர் கேட்டார்.

"கோதும மாவுதாங்கம்மா. லயத்துல எல்லா வீட்லயும் காலையில இதுதாங்க. மலைக்குக் கொண்டு போனாலும் கெடாது, பசி தாங்கும்."

அந்த இரண்டு வரிக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. அவ்வளவும் கப்பலில் வருவது. தோட்டங்களில் அரிசியையும் மாவையும் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழிக்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. விடியற்காலையில் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, தானும் மலைக்கு ஓட வேண்டிய பெண்ணுக்குச் சோறு ஆக்க நேரமும் இல்லை, விறகும் இல்லை. மாவைக் குழைத்துத் தட்டிக் கல்லில் போடுவதே கைக்கு எட்டிய வழி. இப்படித்தான் மாவு ரொட்டி தோட்டத்துச் சாப்பாடு ஆனது. 1973, 1974 உணவுத் தட்டுப்பாட்டின்போது அந்த மாவும் போதாமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 2022 நெருக்கடியில் மாவின் விலை மடங்குகளாக ஏறியபோதும் முதலில் சிறுத்தது இந்த ரொட்டிதான்.

எங்களோடு வந்த ஒரு அக்காவின் பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் பதுளைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் மாவட்டத்தில் குடியேறியவர்கள். அவர் அந்த ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார். "அம்மா கடைசி வரைக்கும் இப்படித்தான் சாப்பிட்டா. நான் எங்கட ரொட்டிதான் நல்லம் எண்டு சண்டை பிடிப்பன்" என்றார். பிறகு இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு நுவரெலியாவில் தங்கினோம். தங்கிய இடத்தில் சமைக்க இடம் தந்தார்கள். பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருவர் சலித்துக்கொண்டார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பும் கடலையும் மெதுவாகத்தான் வேகும். மலையில் வாழும் பெண்ணுக்கு விறகுச் செலவு கூட எங்களைவிட அதிகம் என்பதை அந்தச் சட்டியடியில் அறிந்தோம்.

மறுநாள் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகம். கிராமத்துப் பெண்களே அங்கு வந்து கண்முன்னே சமைத்து விற்கிறார்கள். இடம் திணைக்களத்தினுடையது, வருமானம் சமைப்பவருக்கு. அப்பம், இலைக்கஞ்சி, குரக்கன் பண்டங்கள் என்று உள்ளூர்த் தானியங்களுக்கே முதலிடம். வடக்கில் இதே முறையில் அம்மாச்சி உணவகங்கள் நடப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். விலையும் குறைவு, துப்புரவும் நன்று. இரண்டு நாளில் நாங்கள் சாப்பிட்ட இடங்களில், சமைத்த பெண்ணின் கைக்கே காசு போனதை நேரில் பார்த்து மனம் நிறைந்தது இங்கேதான்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். வழியில் பெரிய கடைகள் சிலவற்றில் பெண்களுக்கு ஒழுங்கான மலசலகூடம் இல்லை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் எங்களிலும் இருந்தார்கள். இந்தப் பழக்கம் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். கடைக்குள் போகும்போதே மலசலகூடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கட்டுவார்கள்.

புறப்படுமுன் காலநிலையையும் விசாரியுங்கள். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை எல்லோரும் மனதில் வைத்திருப்பது நல்லது.

இனி எங்கள் அடுப்படிக்கு வருவோம். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. வெள்ளைக் கோதுமை மாவில் 20 அளவுதான். எங்கள் பெண்களிடத்திலும் தோட்டத்துப் பெண்களிடத்திலும் இரத்தச்சோகை சாதாரணமாக இருக்கிறது. சாப்பாட்டோடு சாயத் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு தோடம்பழமோ தேசிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

மூன்று ஊர் ரொட்டியையும் சேர்த்து நாங்கள் இப்போது இப்படிச் சுடுகிறோம். ஒரு சுண்டு குரக்கன் மா, ஒரு சுண்டு கோதுமை மா, அரை மூடித் தேங்காய்ப்பூ, இரண்டு பிடி முருங்கையிலை, அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அளவான உப்பு. இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கால் மணித்தியாலம் மூடி வைத்து, தட்டிச் சுடுங்கள். பிள்ளைகள் கறுப்பாக இருக்கிறது என்று முகம் சுளித்தால் குரக்கனைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் இரண்டு சட்டி எருமைத் தயிர் கொண்டுபோங்கள். அங்கே கித்துள் பாணி கிடைக்கும். தெருவோரத்தில் சோளமும் ரொட்டியும் விற்கும் பெண்ணிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் அதை அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.