கித்தா மரம் என்றால் கேவலமா?



புதுமனை புகுவிழாக்களில் அண்மைக் காலமாக ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகின்றது. "மேல்மாடிக்கு ஓக் மரத்தரை போட்டிருக்கிறோம்" என்று வீட்டுக்காரர் பெருமிதத்தோடு காட்டுவார். வந்தவர்களும் குனிந்து தடவிப் பார்த்து வியப்பார்கள். "ரப்பர் மரப் பலகையும் கிடைக்கிறதே?" என்று எவரேனும் கேட்டுவிட்டால் போதும். "தோட்டத்தை விட்டு வந்த பிறகும் கித்தா மரமா?" என்று முகம் சுளிப்பார்கள். அந்த முகச்சுளிப்பு அறியாமையில் பிறந்தது. நம் பணத்துக்கும் மானத்துக்கும் கேடு செய்வது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த 'ஓக்' தரையைப் பார்ப்போம். ஓக் என்பது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வளர்கின்ற உயர்ந்த மரம். அதில் ஐயமில்லை. ஆனால், நம் வீடமைப்புப் பகுதிகளில் அந்தப் பெயரால் விரிக்கப்படுவதில் பெரும்பகுதி லேமினேட் பலகை. மரத்தை நாராக்கி, பசை கலந்து, அழுத்திச் செய்த நார்ப்பலகையின்மேல் ஓக் மரத்தின் நிழற்படம் அச்சிட்ட தாளை ஒட்டி, அதற்குமேல் தெளிந்த பூச்சு ஒன்றை ஏற்றுகிறார்கள். நாம் தடவிப் பார்த்து மகிழ்வது மரத்தை அன்று, மரத்தின் புகைப்படத்தை!

வேடிக்கை இதோடு முடியவில்லை. மலேசிய ஆலைகளில் நார்ப்பலகை செய்வதற்கு நெடுங்காலமாக முதன்மையான மூலப்பொருளாக இருந்து வருவது எது தெரியுமா? ரப்பர் மரமேதான்! ஆக, உள்நாட்டுப் பலகையாக இருந்தால், கித்தா மரம் வேண்டாம் என்று ஒதுக்கியவர் பெரும்பாலும் அதே கித்தா மரத்தின் தூளைத்தான், மேலே ஒரு வெள்ளைக்காரப் பெயரை ஒட்டி, வாங்கி வருகிறார். வெளிநாட்டுச் சந்தையிலோ ரப்பர் மரத்துக்கே 'மலேசிய ஓக்' என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். மரம் மாறவில்லை, பெயர் மாறியதும் மதிப்பு வந்துவிட்டது.

"ரப்பர் வன்மரமே இல்லையே" என்பார் சிலர். தாவரவியலில் வன்மரம் என்பது பூத்து, உறைக்குள் விதை தரும் மரங்களின் கட்டை. கையால் நசுங்கும் பால்சாகூட அந்த வகையில் வன்மரம்தான். நம் நாட்டு மர வணிகத்தில் செங்கால், பாலாவ், மெர்பாவ் ஆகியவை கனரக வன்மரம். கெம்பாஸ் நடுத்தர வன்மரம். மெராந்தி, ரப்பர் ஆகியவை இலகு வன்மரம். ரப்பர் மரம் கெம்பாஸ், மெர்பாவ் அளவுக்குக் கடினமானதன்று. கனமான நாற்காலியை இழுத்தால் தடம் பதியும். ஈரமும் கறையானும் அதற்குப் பகை; போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையையே வாங்க வேண்டும். இவற்றை மறைத்துப் புகழ்வது என் நோக்கமன்று. குறையை அறிந்து, படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் பயன்படுத்தினால் அது நல்ல மரம். கீறல் விழுந்தால் இழைத்து மெருகேற்றலாம். லேமினேட்டில் படம் தேய்ந்தால் இழைக்க என்ன இருக்கிறது?

காட்டையும் எண்ணிப் பாருங்கள். 2019-இல் நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட மெர்பாவ், இயற்கைக் காட்டில் மெல்ல வளர்வது. ரப்பரோ தோட்டத்து மரம். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டு பால் தந்தபின் மறுநடவுக்காக எப்படியும் சாய்க்கப்படுவது. முன்பெல்லாம் அது விறகாயிற்று. லயத்து அடுப்பிலும் புகைக்கொட்டகையிலும் செங்கற்சூளையிலும் எரிந்தது. அதைப் பலகையாக்கி வீட்டில் வைப்பதற்குப் புதிதாக ஒரு காட்டை அழிக்க வேண்டியதில்லை.

இனி, அந்த முகச்சுளிப்பின் வேருக்கு வருகிறேன். 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் அவை தோட்டங்களாய்ப் பெருகியபோது, விடியுமுன் எழுந்து, உளியும் வாளியுமாய்ப் பால்மரக் காட்டுக்குள் நடந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்த வாழ்வின் வலியை நான் மறுக்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது சொந்த வீடின்றி வெளியேறியவர்கள் பலர். அவர்களின் பேரப்பிள்ளை சொந்த வீடு வாங்கும்போது பழைய நினைவு வேண்டாம் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், கேட்கிறேன்: குறைந்த கூலி கொடுத்தது மரமா? லயத்தில் அடைத்தது மரமா? வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு எவரோ இருக்க, நாம் ஏன் மரத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்? "இது உன் பாட்டி பால் வெட்டிய மரம்" என்று பிள்ளைக்குக் காட்டக்கூடிய தரை, அச்சிட்ட ஓக் படத்தைவிடத் தாழ்ந்ததா?

பெற்றோர்களே, கடைக்குப் போனால் நிறத்தைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். மேலே ஓடும் வரி முனையிலும் தொடர்ந்தால் மரம்; பழுப்புத் தூள் கட்டியாக இருந்தால் நார்ப்பலகை. பிளைவுட்டின்மேல் மெய்யான மரத்தோல் ஒட்டிய பலகை என்றால், அத்தோல் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பின்னாளில் இழைப்பது கடினம். ஈரப்பதம் எவ்வளவு என்றும் கேளுங்கள். நம் நாட்டில் குளிர்சாதனமில்லா அறையில் மரம் 15 விழுக்காடு அளவில் நிலைகொள்ளும். குளிர்சாதன அறையில் 10 முதல் 12 வரை. இதைப் பாராமல் பதித்தால் பலகை சுருங்கி இடைவெளி விடும். அல்லது உப்பி மேலெழும். சுவரோரம் 10 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். பச்சைச் சிமெந்தின்மேல் பதிக்க விடாதீர்கள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கூடத்துக்கும், எண்ணெய் சிந்தும் பூசையறைக்கும் எந்த மரமும் ஆகாது. அங்கே ஓடு போதும். பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காக வீட்டு வழக்கத்தையே மாற்றிக் கொள்ளாதீர்கள்.

லேமினேட் வாங்குவது குற்றமன்று. சிக்கனத்துக்காக, லேமினேட் என்று தெரிந்தே, அதன் விலைக்கு வாங்குங்கள். ஓக் என்று நம்பி ஓக்கின் விலை கொடுக்காதீர்கள்; ஓக் என்று பிறரையும் நம்ப வைக்காதீர்கள். நம்மை வளர்த்த மரத்தை அதன் பெயர் சொல்லி அழைக்கக் கூசாதீர்கள்.

சிந்திப்போம்!