எழுவாய் யார்?

"எய்ட்ஸ் நோயைக் குரங்கு பரப்பியது" என்று பேசுவாரும் எழுதுவாரும் நம்மிடையே பலர். இலக்கண நோக்கில் இத்தொடரில் குறையேதும் இல்லை. எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, பயனிலையும் உண்டு. ஆயினும் பொருள் நோக்கில் பெரும்பிழை ஒன்று இதனுள் ஒளிந்து கிடக்கிறது. எழுவாயாக நிற்க வேண்டியவன் மனிதன். அவ்விடத்தில் மறுமொழி கூற வாயற்ற விலங்கொன்றை நாம் நிறுத்திவிட்டோம். இப்பிழை வெறும் சொற்பிழையன்று. குற்றத்தை விலங்கின்மேல் ஏற்றிவிட்டதனால், நோய் வரும் வாயிலை அடைக்கும் கடமையிலிருந்து நாம் நழுவிக்கொள்கிறோம் என்பதே என் கருத்து.

தாய்மையின் அருமை

சிம்பன்சி ஆப்பிரிக்கக் காடுகளுக்கே உரிய வாலில்லாக் குரங்கினம். ஜேன் குடால் அம்மையார் (1934–2025) 1960ஆம் ஆண்டு தான்சானியாவில் தங்கனீக்கா ஏரிக்கரையை ஒட்டிய கோம்பேக் காட்டிற்குச் சென்று, அவ்வினத்தின் வாழ்வை அருகிருந்து ஆராயத் தொடங்கினார். அவரும் அவர்வழி வந்தோரும் கண்டறிந்தவற்றுள் தலையாயது, இவ்வினத்தின் பிறப்பு எத்துணை மெதுவாக நிகழ்கிறது என்பதாகும். பெண் சிம்பன்சி பெரும்பாலும் தன் 13, 14 வயதளவில்தான் முதன்முறை ஈனுகிறது. ஏறத்தாழ எட்டு மாதம் கருவைச் சுமக்கிறது. வழக்கமாக ஒரு குட்டிதான் பிறக்கும். அது பால்குடி மறந்து, அடுத்தது பிறக்க ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆகும்.

தொல்காப்பிய மரபியல் குரங்கின் இளமைக்குக் குட்டி என்பதோடு மகவு, பிள்ளை என்னும் பெயர்களையும் உரியனவாக்குகிறது. மக்கள் ஈன்றதற்கு வழங்கும் சொல்லை மந்தி ஈன்றதற்கும் வழங்கிய அம்மரபு எத்துணைப் பொருத்தமானது என்பதற்குக் கோம்பேயில் ஒரு சான்றுண்டு. 1972இல் ஃபுளோ என்னும் முதிய தாய் இறந்தது. எட்டு வயதைக் கடந்திருந்த அதன் மகவு ஃபிளிண்ட் உண்ண மறுத்துச் சோர்ந்து, சில வாரங்களுக்குள் தானும் இறந்தது. தாய் ஒன்று வேட்டையில் வீழ்ந்தால் இழப்பு ஓர் உயிரோடு நிற்பதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும். இங்ஙனம் அரிதாய்ப் பிறக்கும் இனம் விரைந்து அழிந்தால் மீள்வது எவ்வாறு? மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளின் தொகை 1990க்கும் 2014க்கும் இடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்ததென அறிஞர் கணித்துள்ளனர்.

நோய் வந்த வழி

இனி, நாம் தொடங்கிய தொடருக்கு வருவோம். எச்.ஐ.வி. நச்சுயிரியின் மூலம் சிம்பன்சிகளிடம் உள்ள அதனையொத்த நச்சுயிரியே என்பதைப் பியாட்ரிஸ் ஹான் அம்மையாரின் ஆய்வுக்குழு 1999இல் நிறுவியது. தென்கிழக்குக் காமரூனின் காட்டுச் சிம்பன்சிகளிடமே அதன் நெருங்கிய உறவு காணப்படுகிறது என்பது 2006இல் தெளிவாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேட்டையாடி இறைச்சி அறுத்த ஒருவரின் உடலில் விலங்கின் குருதி கலந்திருக்க வேண்டும் என்பதே அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். சிம்பன்சி ஊரைத் தேடி வரவில்லை. மனிதன் கத்தியோடு காட்டைத் தேடிச் சென்றான். அக்காட்டில் தொடங்கிய தொற்று 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களின் முயற்சியால் வெளிப்பட்ட அதுவே இந்தியாவில் அறியப்பட்ட முதல் எச்.ஐ.வி. தொற்று. உலகெங்கும் 4 கோடிக்கும் மேற்பட்டோரை அந்நோய் இதுவரை பலிகொண்டுள்ளது.

எபோலாவின் வரலாறும் இத்தகையதே. 1994இல் ஐவரி கோஸ்ட் நாட்டின் தாயீக் காட்டில் சிம்பன்சிகள் பல மடிந்தன. இறந்த ஒன்றை அறுத்து ஆராய்ந்த ஆய்வாளர் ஒருவர் நோயுற்று, பின்னர் உயிர்பிழைத்தார். 1996இல் காபோன் நாட்டின் மாயிபூ சிற்றூரில், காட்டில் இறந்து கிடந்த சிம்பன்சியை எடுத்துவந்து இறைச்சியாக்கியோர் முதலில் நோயுற்றனர். அப்பரவலில் 21 பேர் மாண்டனர். இங்குச் சிம்பன்சி நோயைக் கொணர்ந்த பகையன்று. நமக்கு முன்னரே அந்நோய்க்கு இரையான உயிர்.

நாம் கொடுத்த நோய்

இப்பாதை ஒருவழிப் பாதையுமன்று. 1966இல் கோம்பேச் சிம்பன்சிகளைப் போலியோவை ஒத்த நோய் தாக்கிச் சிலவற்றைக் கொன்றது, சிலவற்றை முடமாக்கியது. அண்டை ஊர்களில் மனிதரிடையே அந்நோய் இருந்தமையால், குடால் அம்மையார் வாழைப்பழத்தில் தடுப்பு மருந்தை வைத்து அவற்றுக்கு ஊட்டினார். 2013இல் உகாண்டாவின் கிபாலேக் காட்டில் 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டமொன்றில் ஐந்து மடிந்தன. அவற்றைக் கொன்றது மனிதர்க்குச் சளி உண்டாக்கும் நச்சுயிரி. நமக்கு இரு நாள் மூக்கடைப்பாய்ப் போவது, அவற்றுக்கு உயிர்போக்கும் கொள்ளைநோயாய் ஆகிறது. அன்பு கொண்டு காணச் செல்வோரும் ஆராயச் செல்வோரும்கூட அறியாமலே கூற்றுவனாய் நிற்க நேர்கிறது.

செய்யத்தக்கன

"நோய் தரும் விலங்கை அழித்துவிட்டால் என்ன?" என்று வினவுவாரும் உளர். அழிப்பதற்கு அருகில் செல்ல வேண்டும். குருதியில் கை நனைக்க வேண்டும். நோய் தாவியது அவ்வழியில்தானே! வேறு சிலர், "வறியோர் உணவைத் தடுக்கலாமா?" என்பர். இவ்வினாவைப் புறந்தள்ளல் ஆகாது. பசித்தவனிடம் வெறும் அறிவுரை செல்லாது. இதனை உணர்ந்தே குடால் அம்மையாரின் நிறுவனம் 1994இல் கோம்பேயைச் சூழ்ந்த ஊர்களில் மரம் வளர்த்தல், பெண்கல்வி, சிறுகடன் ஆகியவற்றை ஒருங்கே கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. மக்களின் அடுப்பெரியாமல் காட்டின் பசுமை நிலைக்காது என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. ஆனால், நகரங்களில் செல்வர் விருந்துக்காகவும், குட்டிகளை விற்பதற்காகவும் நடக்கும் வேட்டைக்கு வறுமையைக் காரணம் காட்டல் பொருந்தாது. அதனைச் சட்டத்தால் ஒடுக்கவே வேண்டும்.

அணுகுவோர்க்கும் ஒழுங்கு தேவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015இல் வெளியிட்ட நெறிமுறைகள், முகக்கவசம் அணிக, குறைந்தது 7 மீட்டர் தள்ளி நிற்க, நோயுற்றோர் செல்லற்க என்கின்றன. அருகணைத்தல் மட்டுமே அன்பு என்று எண்ணிப் பழகிய நமக்கு, விலகி நிற்றலும் அன்பே என்னும் பாடம் இதில் உண்டு.

மொழி பயிலும் மாணவர்க்கு இதில் என்ன பங்கு எனக் கேட்கலாம். செய்தியை எழுதவும், மேடையில் பேசவும், வகுப்பில் கற்பிக்கவும் நாளை செல்லவிருப்போர் நீங்களே. புதியதொரு நோய் தோன்றும்போதெல்லாம் ஊரார் வாயில் ஒரு விலங்கின் பெயர் எழுவாயாய் வந்து நிற்கும். அப்போது, அக்காட்டினுள் முதலில் புகுந்தவர் யார், எதற்காகப் புகுந்தார் என்று கேட்டறிந்த பின்னரே பயனிலையை எழுதுங்கள்.