50 ஆண்டு கடந்த லாரிகளுக்கும் பழம்பெரும் வாகனப் பதிவு வேண்டி அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
பழைய லாரி, கார் வைத்திருப்போரும் பட்டறைத் தொழிலாளரும் கூடிய சங்கம்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
சென்னை.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை.

பொருள்: பழைய லாரிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய வழி செய்தல், தகுதிச் சான்றுக் கட்டணம், பெட்ரோல், உதிரிபாகம் ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

திருச்செங்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில், எங்கள் உறுப்பினர் ஒருவரின் தகரக் கொட்டகையில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் செய்தது. மற்றது டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி, மூக்கு முன்னே நீண்டு, அதன் நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம் பதித்தது. டாட்டா கம்பெனி டைம்லர் பென்ஸோடு 1954இல் சேர்ந்தது. 1969இல் அந்த உடன்பாடு முடிந்து நட்சத்திரம் போனது. ஆகவே நட்சத்திரத்தோடு வந்த டாட்டா லாரி என்றாலே அதற்கு 50 வயது எப்போதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். இரண்டையும் வாங்கியவர் உறுப்பினரின் தகப்பனார். லாரிதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. கார் கல்யாணம் காட்சிக்கு.

இன்று சட்டத்தின் கண்ணில் அந்தக் கார் பாரம்பரியம், லாரி பழைய இரும்பு. எங்கள் மனுவின் சாரம் இவ்வளவுதான். மற்றவை இதிலிருந்து கிளைத்தவை.

மத்திய அரசு 2021 ஜூலை 15 அன்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 81ஏ முதலான புதிய விதிகளைச் சேர்த்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் அசல் உருவில் இருக்கும் வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். மாநில எழுத்துக்குப் பின் ‘விஏ’ என்று தொடங்கும் தனி வரிசை எண் உண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்எஸ், எம்டி என்று தொடங்கும் சென்னை மாகாணத்து எண்ணை உயிராக நினைப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, ஆராய்ச்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் தவிர வேறு எதற்கும் தெருவில் எடுக்கக்கூடாது. நல்ல விதி. நாங்கள் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

ஆனால் அது எல்1, எல்2, எம்1 வகைகளோடு நின்றுவிட்டது. இருசக்கர வண்டிக்கும் காருக்கும் இடம் உண்டு. ‘என்’ வகையான சரக்கு வண்டிக்கு இல்லை. பேருந்துக்கும் இல்லை.

அதனால் நடப்பது என்ன? பொருள் ஏற்றவென்று கட்டிய வண்டி என்ற ஒரே காரணத்தால், 20 ஆண்டாக ஒரு மூட்டை ஏற்றாத லாரியும் போக்குவரத்து வாகனம்தான். எட்டு ஆண்டு கடந்த போக்குவரத்து வாகனம் ஆண்டுதோறும் எஃப்சி எனும் தகுதிச் சான்று காட்ட வேண்டும். மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்த கட்டணப்படி, 20 ஆண்டு கடந்த கனரக வண்டிக்குத் தகுதிச் சோதனைக் கட்டணம் 25,000 ரூபாய். ஆக, அந்தக் கொட்டகையில் காருக்குப் பத்து ஆண்டுக்கு 20,000; பக்கத்தில் நிற்கும் லாரிக்கு அதே பத்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம். லாரியை இரும்புக்கடையில் போட்டாலும் இவ்வளவு கிடைக்குமா என்று தெரியவில்லை.

பணத்தைக் கட்டினாலும் வேலை முடிவதில்லை. சென்ற ஆண்டு எங்கள் உறுப்பினர் அந்த லாரியைச் சோதனைக்குக் கொண்டுபோனார். எந்த இடம் என்பது இங்கு முக்கியமில்லை, யார் மீதும் புகார் சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டரில் வண்டியின் மாடல் பெயர் பட்டியலில் இல்லை. இருப்பதிலேயே கிட்டத்தட்ட ஒத்துப்போவதாக ஒரு இளம் ஊழியர் ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்தார். அது 2000க்குப் பின் வந்த வண்டி. பிறகு அந்த வண்டியில் இருக்க வேண்டியவை எல்லாம் இந்த வண்டியில் இல்லை என்று கேள்வி வந்தது. பக்கவாட்டு இண்டிகேட்டர் எங்கே? இந்த வண்டிக்குப் பிறக்கும்போதே அது கிடையாது, கையைத்தான் நீட்ட வேண்டும் என்றார் உறுப்பினர். ஸ்டியரிங் ஏன் இவ்வளவு கனம்? பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்து வண்டி, கனமாகத்தான் இருக்கும். கடைசியில் வண்டியை நகர்த்தி நிறுத்த ஏறிய பையனுக்கு டபுள் கிளட்ச் போட்டு கியர் மாற்றத் தெரியவில்லை. குறடு குறடென்று சத்தம் வந்ததும் உறுப்பினர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பையன் மீது தவறில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அந்தப் பழக்கம் போய்விட்டது.

இது ஏதோ நாலு பேரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாம். எங்கள் ஊருக்கு அப்படியில்லை. நாமக்கல் லாரி பாடிக்கும், திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்கும், சங்ககிரி லாரிக்காரருக்கும், கரூர் பஸ் பாடிக்கும் பெயர் பெற்ற வட்டாரம் இது. எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காக 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆகி, அதன் காமெட் வண்டிகள் தென்னாட்டின் மண் ரோடுகளில் ஓடின. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரும், பொள்ளாச்சி–பழனி வழியில் 1920இல் ஜி.டி. நாயுடுவும் பஸ் ஓட்டித்தான் மோட்டார் தொழிலைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டின் மோட்டார் வரலாறு பஸ்ஸும் லாரியும் சுமந்து வந்த வரலாறு. கார் அதில் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தது. கார் பார்க்க விரும்புவோருக்குக் கோவையில் 2015 முதல் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. லாரிக்கு நாங்கள் கேட்பது அருங்காட்சியகம்கூட இல்லை, ஒரு எண் பலகை.

ஜெர்மனியில் 1997 முதல் ‘எச்’ எழுத்து பொறித்த எண் பலகை தருகிறார்கள். 30 ஆண்டு நிறைந்து, அசல் உருவில் நல்ல நிலையில் இருந்தால் போதும். காரா லாரியா என்ற பேதம் கிடையாது. அந்த நட்சத்திரம் பிறந்த நாட்டில் அதன் லாரிக்கு மரியாதை உண்டு. இங்கே அதே நட்சத்திரத்துக்கு நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே எங்கள் முதலும் முக்கியமுமான கோரிக்கை: 50 ஆண்டு கடந்த லாரிகளையும் பேருந்துகளையும் 81ஏ விதியின் வரம்புக்குள் சேர்க்கும்படி தமிழ்நாடு அரசு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு முறைப்படி பரிந்துரைக்க வேண்டும். பதிலுக்கு நாங்கள் என்ன தருவோம் என்று கேட்பீர்கள். சுமை ஏற்றமாட்டோம். வாடகைக்கு விடமாட்டோம். இரவில் எடுக்கமாட்டோம். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்தால் மீட்டரைக் காட்டி உட்படுகிறோம். புகை கக்கும் வண்டியை நாங்களும் ஆதரிக்கவில்லை. டீசல் பம்பைக் கழற்றி காலிபரேஷன் செய்து, நாசல் மாற்றினால் பாதிப் புகை அடங்கும், அடங்காத வண்டியை நீங்கள் நிறுத்தலாம். எங்களிலேயே சிலர் வண்டிக்கு ஏர் ஹாரனும் வண்ண விளக்கும் மாட்டி, அதையும் பாரம்பரியம் என்கிறார்கள். அந்தச் சண்டையை எங்கள் கூட்டத்தில் நாங்களே முடித்துக்கொள்கிறோம்.

மத்திய விதி திருத்தப்பட நாளாகும் என்பது தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவே, பழுது பார்க்க வெற்றாகப் போகும் வண்டிக்கு பர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. அந்த மனப்பாங்கிலேயே, மாதம் ஓரிரு நாள் சுமையின்றி 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவர இடைக்கால அனுமதி தர வேண்டுகிறோம். இதைச் சலுகை என்று பார்க்க வேண்டாம். நின்ற வண்டி கெடும். மூன்று மாதம் ஓடாவிட்டால் வீல் சிலிண்டர் இறுகிவிடும். பிரேக் ஒரு சக்கரத்தில் பிடித்து இன்னொன்றில் பிடிக்காது. 900-20 நைலான் டயர் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் சப்பையாகி, ஓட்டும்போது வண்டி குதிக்கும். வண்டியைப் பத்திரமாக வைத்திருக்கும் வழியே அதை ஓட்டுவதுதான்.

சோதனை குறித்து ஒன்று. பழைய வண்டியைத் தானியங்கிச் சோதனை நிலையத்தின் பட்டியலுக்குள் திணிக்காமல், வண்டி பிறந்த ஆண்டின் தரத்தைக்கொண்டு மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்க்கும் முறையை இவற்றுக்கு மட்டும் தொடர வேண்டும். பிரேக்கில், ஸ்டியரிங் ஆட்டத்தில், டயரில் கண்டிப்பு காட்டுங்கள். அதில் தளர்வு கேட்கவில்லை. வண்டி அசல்தானா என்று தீர்மானிக்கும் மாநிலக் குழுவில் பழைய இன்ஜின் இறக்கி ஏற்றிய மெக்கானிக் ஒருவராவது உட்கார வேண்டும். ஏனென்றால் ‘அசல்’ என்ற சொல்லைப் புத்தகத்தை வைத்து மட்டும் பார்த்தால் ஒரு வண்டியும் தேறாது. 60 ஆண்டில் பிஸ்டன் நாலு முறை மாறியிருக்கும், பிளாக்கில் ஸ்லீவ் போட்டிருக்கும், கிங் பின் புஷ் லேத்தில் கடைந்ததாக இருக்கும். வெண்கலத்தில் கடைந்த புஷ் கம்பெனி புஷ்ஷைவிட மோசம் என்று எந்த ஆய்வாளரும் சொல்லமாட்டார். கேபின் மாற்றியதும் இன்ஜின் மாற்றியதும்தான் பெரிய மாற்றம். இந்த வேறுபாடு எழுத்தில் வர வேண்டும்.

காப்பீட்டிலும் இதே ஓரவஞ்சனை. பழம்பெரும் வாகனமாகப் பதிவான தனியார் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 2022 ஜூன் முதல் பாதி தள்ளுபடி உண்டு. அந்தப் பதிவுக்கே வழியில்லாத லாரிக்கு இந்தப் பேச்சே எழவில்லை.

கார் வைத்திருக்கும் உறுப்பினர்களின் குறை பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் இப்போது கிட்டத்தட்ட எல்லா பெட்ரோல் பங்கிலும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, எத்தனாலுக்கென வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்றும், பழைய வண்டிகளைக் காக்க இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. மைலேஜைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை, அம்பாசடர் வைத்திருப்பவன் மைலேஜ் பேசமாட்டான். கவலை ரப்பரும் கார்க்கும். எங்கள் பட்டறை ஒன்றில் சென்ற மாதம் ஒரு பியட்டின் கார்புரேட்டரைத் திறந்தபோது, கிண்ணத்தின் அடியில் உப்புப் பூத்தது போல் வெள்ளைப் பொடி. கேஸ்கெட் ஊறி அப்பளம் போல் விரிந்திருந்தது. பெட்ரோல் டியூபை விரலால் அழுத்தினால் கையில் கறுப்பு ஒட்டியது. நின்ற வண்டியின் டேங்கில் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரிகிறது, தகர டேங்க் உள்ளிருந்து துருவேறுகிறது. இன்ஜின் பக்கம் சூட்டில் ஊறிப்போன டியூப் ஒரு நாள் வெடித்தால் அது தீ விபத்து. மாவட்டத் தலைநகருக்கு ஒரு பங்கிலாவது இ10 அல்லது எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும்படி எண்ணெய் நிறுவனங்களோடு அரசு பேச வேண்டும். விலை கூடுதல் என்றாலும் கொடுப்போம்.

50 ஆகாத, 20 கடந்த கார்களின் பாடும் சொல்லத்தக்கதே. 2014 வரை உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசடர், பம்பாய் குர்லாவின் பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் பல இன்னும் விண்டேஜ் இல்லை, புதுசும் இல்லை. பதிவைப் புதுப்பிக்க 2022இல் 5,000 ரூபாய் ஆனது, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆனது. 30 முதல் 50 ஆண்டு வரையிலான கார்களுக்கு இடைப்பட்ட ஒரு வகையும் குறைந்த கட்டணமும் தேவை.

அரசின் சொந்த வண்டிகள் பற்றியும் ஒரு வேண்டுகோள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை; அவை உடைப்புக்குப் போகின்றன. எல்லாவற்றையும் காக்கச் சொல்லவில்லை. தீயணைப்பு வண்டி, ரோடு ரோலர், ஜீப் என்று வகைக்கு ஒன்றையாவது வெட்டும் முன் அருங்காட்சியகத் துறை பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். மற்றவற்றின் கியர் பாக்ஸ், டேஷ்போர்டு மீட்டர், கதவுக் கைப்பிடி போன்றவற்றைப் பிரித்து, பதிவு பெற்ற பட்டறைகள் ஏலம் எடுக்க வழி செய்யுங்கள். ஒரு பழைய ஸ்பீடோமீட்டருக்காக எங்கள் ஆட்கள் உக்கடம், புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகள் என்று அலைந்து வருகிறார்கள்.

கடைசியாக, ஆட்கள். எங்கள் சங்கத்தின் மூத்த மெக்கானிக்குக்கு 74 வயது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பீலர் கேஜைச் செருகி, பாயிண்ட் இடைவெளியை 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்குக்கு வைத்து, பிறகு கேஜை எடுத்துவிட்டுக் காதை மட்டும் வைத்து டைமிங்கைத் திருத்துவார். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. அதனால் எந்த ஐடிஐயும் அவரை அழைக்க முடியாது. முன்அனுபவத்துக்குச் சான்று தரும் திட்டத்தில் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்து, மாதம் ஒரு நாள் ஐடிஐ மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கு அவர்கள் பாடம் நடத்த வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஏற்பாடு செய்யக் கோருகிறோம். கூலி வேண்டாம் என்கிறார் அவர். பஸ் செலவு கொடுங்கள்.

தாங்களோ தங்கள் சார்பில் இணை ஆணையரோ ஒரு ஞாயிறு காலை வந்து வண்டிகளைப் பார்வையிட வேண்டுகிறோம். பத்து நாள் முன்பு தெரிவித்தால் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி லாரியை வெளியே எடுத்து வைப்போம். செல்ஃப் எடுக்கும். எடுக்காவிட்டால் தள்ள நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இணைப்பு: வண்டிகளின் ஆர்சி புத்தக நகல்கள், வண்டிகளின் புகைப்படங்கள், உறுப்பினர் கையொப்பத் தாள்கள்.